விரிவில் இறங்குகிறவர்கள்

நூற்றுப் பன்னிரண்டு ஜே வண்டி முதலில் மெயின் ரோட்டு மாவு மில்லோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பிறகு உள்ளே ஐந்து கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஆனந்தவல்லி நகரில் பதினோரு வீடு எழும்பியதும் பதினோரு வீட்டுக்காரர்களும் ஒரே நாளில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு டிப்போவுக்குப் போய் மனு கொடுத்து அதை நகர் வரைக்கும் இழுத்து வந்தார்கள். பிறகு மனை விற்கிறவர்கள் வந்து நடுவில் கிடந்த வேலங்காட்டை வழித்தெடுத்து, மஞ்சள் கல் நட்டு, முதல் விரிவு என்றும் இரண்டாம் விரிவு என்றும் பெயர் வைத்து, ஆயிரத்து அறுநூறு குடும்பம் குடிவரப் போகிறது என்று போர்டு எழுதியதும், அந்தக் குடும்பங்களுக்காக வண்டி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நடை ஓடியது. வராதவர்கள் வராமலே இருந்துவிட்டதால் பன்னிரண்டு எட்டாகி, எட்டு ஐந்தாகி, நான் ப்ளஸ் ஒன் சேர்ந்த வருஷம் மூன்றாகி நின்றது. விடியற்காலை ஐந்து பத்து, மத்தியானம் இரண்டரை, சாயங்காலம் ஐந்து நாற்பது. விரிவுகளில் கல் மட்டும் இருந்தது. ஆடுகூட அங்கே மேயாது. ஏன் என்று ஆட்டைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் வண்டியில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கொஞ்சம் முன்னாலேயே கண்டக்டர் தணிகைவேல் அண்ணன் விசிலை உதட்டோரம் ஒதுக்கிக்கொண்டு, "மொத விரிவு, ஆள் இருக்கா?" என்று கேட்பார். யாராவது "இருக்கு" என்றால் டிரைவர் ஜபருல்லா பாய் பிரேக்கில் கால் வைப்பார். ஒருவரும் பேசாவிட்டால் வண்டி தாண்டிவிடும். ஆளே இல்லாத இரண்டு விரிவுக்கும் அவர் நாள் தவறாமல் கேட்டார், பதிலே வராத கேள்வியை வருஷக்கணக்காகக் கேட்டார். கடைசி நிறுத்தமான எங்கள் நகருக்கு மட்டும் கேட்க மாட்டார். அங்கே வண்டி எப்படியும் நின்றுதானே ஆக வேண்டும்.

நாள்தோறும் ஒரு மனுஷன் காற்றைப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் தொண்டை அரிக்காது. எனக்கு நன்றாகவே அரித்தது. என் தொண்டை அப்படி. நலச்சங்கத் தலைவர் வேதாசலம் சார் டெலிபோன் இலாகாவில் இருந்து ரிட்டயர் ஆனவர், எதிரில் நிற்கிறவரிடமும் டிரங்க் கால் பேசுவது போலத்தான் கத்துவார். அதை நான் செய்வேன். டெய்லர் மல்லேஸ்வரி அக்கா வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு பேசுவார். ஊசியே இல்லாமல் அதையும் செய்வேன். என் அம்மா குழந்தைதெரேசா என்னைத் திட்டும்போது அவள் குரலிலேயே நானும் கூடவே திட்டுவேன், ஒரு வார்த்தை முந்தி. அவள் துடைப்பத்தைத் தேடிப் போவாள், துடைப்பம் கிடைப்பதற்குள் சிரித்துவிடுவாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆனால் தெருவில் போகிறவர்களுக்கு ஒரு கல்யாண வீடு போலக் கேட்கும்.

ஆகவே ஒரு நாள் சாயங்கால வண்டியில், கடைசி சீட்டில் தலையைக் குனிந்துகொண்டு, வேதாசலம் சார் குரலில் "இருக்கு" என்றேன். வண்டி நின்றது.

"சார், எறங்குங்க," என்றார் தணிகைவேல் அண்ணன்.

"நான் ஏன்யா எறங்கணும்? இங்க இன்னா இருக்கு, கல்லு இருக்கு."

"நீங்கதான சார் இருக்குன்னீங்க."

"நான் வாயே தொறக்கலியே."

"நீங்க வாய தொறக்காத நாளு ஏது சார்," என்றார் ஜபருல்லா பாய் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, வண்டியில் இருந்த ஒன்பது பேரும் சிரித்தார்கள், ஒன்பதாவது நான்.

இருக்கிற ஆட்களின் குரலில் இப்படி ஒரு மாசம் வண்டியை நிறுத்தி நிறுத்தி விளையாடினேன். கதவு திறக்கும், யாரும் இறங்க மாட்டார்கள், சண்டை வரும், வண்டி போகும். அப்புறம் எனக்கே அலுத்துவிட்டது. ஆடி மாதத்துக் காற்று ஜன்னல் வழியாக மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, யாருடையதும் அல்லாத ஒரு குரலை நானே செய்தேன்: கொஞ்சம் மூக்கடைப்பு, கொஞ்சம் அலுப்பு, இரண்டு பிள்ளை பெற்றவள், பேச்சு முடிகிற இடத்தில் லேசாக ஒரு பெருமூச்சு. "ரெண்டாவது விரிவு, ஆள் இருக்கா?" என்றார் அண்ணன். "இருக்கு," என்றேன் அந்தக் குரலில். வண்டி நின்றது. மழை ஒழுகுவதால் யாரும் உட்காராத நடு சீட்டிலிருந்து கிளிப்பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் எழுந்து, ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து இறங்கிப் போனாள்.

"பாத்து எறங்கும்மா, படி ஒசரம்," என்றார் தணிகைவேல் அண்ணன். ரைட் கொடுத்தார்.

நான் பின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். அவள் மஞ்சள் கற்களுக்கு நடுவில் நேராக நடந்து, ஒரு கல்லுக்குப் பக்கத்தில் நின்று, இல்லாத ஒரு கேட்டின் இல்லாத கொக்கியை விரலால் தூக்கி, உள்ளே போய், திரும்பி நின்று கொக்கியைப் போட்டாள். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தாள். மறுநாள் காலை ஐந்து பத்து வண்டியில் போன அம்மா மத்தியானம் வந்து சொன்னாள், "ரெண்டாவது விரிவுல ஒரு பொம்பள ஏறுச்சு புளோரா. ஊடு கட்டிட்டாங்க போலக்குது, நாமதான் பாக்கல." அவ்வளவுதான் சொன்னாள். அரிசியைக் களைய ஆரம்பித்துவிட்டாள்.

அந்தக் குரலை அன்றிரவு சாப்பிடும்போது செய்து பார்த்தேன். வரவில்லை. மூக்கடைப்பு வந்தது, அலுப்பு வந்தது, அவள் வரவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் குரலுக்கா எனக்குப் பஞ்சம்?

புரட்டாசியில் டிப்போவிலிருந்து ஒரு காகிதம் வந்து நிறுத்தத்தின் தூணில் ஒட்டப்பட்டது. பயணிகள் குறைவான தடங்களில் ஒரு வாரம் ஆள் எண்ணப் போகிறார்கள்; ஒரு நடைக்குச் சராசரி முப்பது பேர் இல்லாத தடம் ரத்து. வேதாசலம் சார் அதைப் படித்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியடியில் கூட்டம் போட்டார்.

"ஒம்பது பேர வெச்சுக்கினு முப்பது எப்டி காட்றது? ஆளுக்கு மூணு வாட்டி ஏறி எறங்கலாமா?" என்று டிரங்க் காலில் கேட்டார்.

"என்னை நிறுத்திடுவாங்க," என்றாள் அம்மா. சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அம்மாவுக்கு டவுன் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் துடைக்கிற வேலை, காண்ட்ராக்ட். ஆறு மணிக்கு மிஷினில் கட்டைவிரல் வைக்க வேண்டும். மூன்று தடவை தாமதமானால் நாலாவது நாள் வர வேண்டாம். ஐந்து பத்து வண்டி அவளை ஐந்து ஐம்பத்தைந்துக்கு அங்கே இறக்கிவிடும். அந்த வண்டி இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை, அந்த வேலை இல்லாவிட்டால் நான் ப்ளஸ் டூ இல்லை. இதை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள்.

மல்லேஸ்வரி அக்கா வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜாக்கெட்டில் குத்திக்கொண்டாள். அவள் ஊசியை எடுத்தால் விஷயம் பெரிசு என்று அர்த்தம். "தெரேசு, கோச்சுக்காத. அந்தப் பச்சைப் புடவைக்காரி உம் பொண்ணு குரலு குடுத்துதான் வந்தா. நான் அன்னிக்கு முன்னாடி சீட்டுலதான் இருந்தேன். பாத்துக்கினுதான் இருந்தேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உதை விழப்போகிறது என்று நான் செருப்பைத் தேடினேன். வேதாசலம் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை ஒரு புது டெலிபோனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தினி பேரு வருவாங்கம்மா?" என்றார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. ஆறு நாள், நாளைக்கு ஆறு பேர். விக்கலோடு பேசும் ஒரு பெரியவர், மூச்சிரைக்கும் ஒரு தடித்த அம்மாள், தெத்துப்பல் பையன் ஒருவன், பேச்சில் காரம் தூக்கலான ஒரு மாமியார், அவளுக்குப் பயந்த மருமகள். முதல் விரிவுக்கு மூன்று, இரண்டாம் விரிவுக்கு மூன்று. நான் "இருக்கு" என்பேன், காலி சீட்டிலிருந்து எழுந்து இறங்குவார்கள், மறுநாள் காலை அந்தந்த நிறுத்தத்தில் வரிசையாக நிற்பார்கள், டவுனுக்கு வந்து எங்கேயோ போவார்கள், சாயங்காலம் சரியாகத் திரும்பி ஏறுவார்கள். முதலில் வந்தவளைச் சேர்த்து முப்பத்தேழு பேர். ஒவ்வொருவர் இறங்கும்போதும் என் தொண்டையில் ஒரு சின்ன ஜன்னல் மூடிக்கொள்வது போல இருக்கும். குஷியில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

நகர்க்காரர்கள் அவர்களை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று கேட்டால், ஜன்னலோரம் போய்விட்டதே என்று முதல் நாள் முணுமுணுத்தார்கள், இரண்டாம் நாள் இடம் பிடித்து வைத்தார்கள், மூன்றாம் நாள் பேச்சுக் கொடுத்தார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். நான் கொடுத்தது அவ்வளவுதானே.

"ஊடு எதுவரிக்கும்மா முடிஞ்சிருக்கு, தளம் போட்டாச்சா?"

"இருக்கு."

"ஊட்டுக்காரரு இன்னா பண்றாரு?"

"இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பச்சைப் புடவைக்காரி பெருமூச்சு விடுவாள், கேட்டவள் எல்லாம் புரிந்த மாதிரி அவள் தொடையைத் தட்டிக்கொடுப்பாள்.

மல்லேஸ்வரி அக்கா அவர்களில் நாலு பேருக்கு அளவெடுத்து ஜாக்கெட் தைத்தாள். ஒவ்வொரு முறை அளந்தபோதும் டேப்பில் அதே எண் வந்தது, நாலு பேருக்கும் அதே எண். "சவுரியமா போச்சு," என்றாள். வேதாசலம் சார் அவர்களை நலச்சங்க உறுப்பினர்களாக எழுதிக்கொண்டார், பெயர் கேட்டதற்கு இருக்கு என்றதால் மனை எண்ணையே பெயராகப் போட்டார். மனை விற்கிறவர்கள் கேள்விப்பட்டு வந்து தங்கள் போர்டுக்குப் புது பெயிண்ட் அடித்தார்கள். நகரில் நடந்த ஒரு மஞ்சள் நீராட்டுக்குப் பச்சைப் புடவைக்காரியான நூற்றுநாற்பத்து மூன்றையும் அவள் தெருவையும் அழைத்தார்கள். முப்பத்தேழு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள், சாம்பார் போடட்டுமா என்றால் இருக்கு, ரசம் என்றால் இருக்கு, ஒருவரும் வாயில் வைத்ததைப் பார்த்தவர் கிடையாது, எழுந்து போனபோது முப்பத்தேழு இலையும் கழுவினது போலக் காலியாக இருந்தன. செம்மண்ணில் மூன்று கிலோமீட்டர் நடந்து வந்தவர்கள் பாதத்தில் ஒரு துளி மண் இல்லை. "எவ்ளோ சுத்தம் பாருங்க," என்று எங்கள் பெண்கள் தங்கள் பிள்ளைகளைக் கிள்ளினார்கள்.

ஆள் எண்ணுகிறவர் வந்தார், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் நின்றார், அட்டையில் கோடு போட்டார். வண்டியில் நாற்பத்தாறு பேர். ஜபருல்லா பாய் பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக ஸ்டாண்டிங் அடித்தேன் என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நாங்கள் கொண்டாடினோம்.

ஐப்பசி பிறந்ததும் இரண்டாவது காகிதம் வந்தது. தடம் தொடரும். ஆனால் நிறுத்தவாரியாகப் பார்க்கையில் பயணிகளில் பெரும்பாலோர் இரண்டாம் விரிவுக்குள் இறங்கிவிடுவதாலும், அதற்கு அப்பால் நகர் வரை ஒன்பது பேரே செல்வதாலும், இனி வண்டி இரண்டாம் விரிவோடு திரும்பும்.

கண்டக்டர் கேட்கிற இடத்தில்தானே என்னால் பதில் சொல்ல முடியும். நகருக்கு அவர் கேட்டதே இல்லை. நான் சொன்னதும் இல்லை. முப்பத்தேழு பேரில் ஒருத்தரைக்கூட எங்கள் ஊருக்கென்று நாங்கள் செய்யவில்லை என்பதை அந்தக் காகிதத்தைப் பார்க்கும்வரை ஒருவரும் யோசிக்கவில்லை.

வேதாசலம் சார் டிப்போவுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். மேனேஜர் நல்ல மனுஷர், விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"சார், அங்க இருக்கறவங்க..." என்று ஆரம்பித்த வேதாசலம் சார் அதை எப்படி முடிப்பது என்று தெரியாமல் நின்றார். "அவங்க வந்து, இப்ப வந்தவங்க."

"இப்ப வந்தவங்களுக்கு பஸ் வேணாமா?"

"வேணும்தான். ஆனா நாங்க பதினெட்டு வருஷமா இருக்கோம் சார்."

"எத்தினி பேரு?"

"ஒம்பது."

"அவங்க?"

மேனேஜர் பேனாவைத் தட்டினார். "அப்ப வண்டி எங்க போவணும், நீங்களே சொல்லுங்க."

இரண்டாம் விரிவுக்கு நகரிலிருந்து மூன்று கிலோமீட்டர். அம்மா நாலு மணிக்கே டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மழைக்காலம், செம்மண் ரோடு செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். முதல் வாரத்தில் ஒரு நாள் வண்டியை விட்டாள், மெயின் ரோடு வரை ஓடி வேறு வண்டி பிடித்தும் மிஷின் ஆறு இருபத்தைந்து என்று காட்டியது. இரண்டாம் வாரத்தில் வண்டி கிடைத்தது, ஏற இடமில்லை. நூற்றுநாற்பத்து மூன்றும் அவள் தெருவும் படிவரைக்கும் நிறைந்து நின்றார்கள். "கொஞ்சம் நவுருங்கம்மா, எனக்கு டூட்டி இருக்கு," என்று கெஞ்சியிருக்கிறாள். "இருக்கு," என்று எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்களாம், நான் கொடுத்த முப்பத்தேழு குரலிலும். வண்டி போய்விட்டது. வீட்டுக்கு வந்து முழங்கால் வரை சேறோடு உட்கார்ந்து, "ரெண்டு ஆச்சு," என்றாள். திட்டவில்லை. அன்று அவள் குரலில் திட்டிக் காட்ட எனக்கும் வாய் வரவில்லை.

நாங்கள் அவர்களைக் கேட்டுப் பார்த்தோம். நகர் வரைக்கும் வந்து இறங்குங்கள், ஒரே ஒரு வாரம், அப்புறம் உங்கள் இஷ்டம் என்று வேதாசலம் சார் இரண்டு விரிவிலும் கல் கல்லாகப் போய்க் கும்பிட்டார். தலையாட்டினார்கள், இருக்கு என்றார்கள், சாயங்காலம் எங்கே முதன்முதலில் இறங்கினார்களோ அங்கேயே இறங்கினார்கள்.

கடைசியில் மேனேஜரே இரக்கப்பட்டு ஒரு வாரம் சோதனை கொடுத்தார். சாயங்கால வண்டி இரண்டாம் விரிவைத் தாண்டும் முன் கண்டக்டர் நகருக்கு ஆள் இருக்கா என்று கேட்க வேண்டும்; இருந்தால் போக வேண்டும்; வாரக் கடைசிக்குள் ஒரு நடைக்கு முப்பது பேர் நகரில் இறங்கினால் பழைய தடம் திரும்பும். எங்களுக்கு ஒன்பது இருந்தது. இருபத்தொன்று வேண்டும்.

"முடியுமாடி?" என்றாள் அம்மா.

"ஜுஜுபி," என்றேன்.

முதல் நாள் ஆறு பேர் சுலபமாக வந்தார்கள். இரண்டாம் நாள் ஐந்து. மூன்றாம் நாள் குரல் கிடைக்காமல் தேடினேன். இருமலில் ஒருவர், கொட்டாவியில் ஒருவர், சளியில் ஒருவர் என்று தேற்றினேன். இவர்கள் முன்னே வந்தவர்களைப் போல முழுசாக இல்லை. ஒருவருக்கு முகம் கொஞ்சம் துடைத்தது போல இருந்தது, இன்னொருவர் நடக்கும்போது ஒரு காலடிச் சத்தம்தான் கேட்டது. நகரின் பூட்டிக் கிடந்த வீடுகளின் முன்னால் போய் நின்றுகொண்டார்கள். "யாரா இருந்தா இன்னா, நம்ம ஊருல எறங்குனாங்களே," என்று மல்லேஸ்வரி அக்கா அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆறாம் நாள் முடிய இருபது பேர். தொண்டைக்குள் கையை விட்டுத் துழாவினாலும் இன்னொன்று இல்லை. இருக்கிறவர்களின் குரல் இருந்தது, வேதாசலம் சார், ஊசி அக்கா, அம்மா. ஆனால் அதற்கெல்லாம் ஆள் ஏற்கெனவே இருக்கிறதே. வண்டி நிற்கும், யாரும் இறங்க மாட்டார்கள்.

ஏழாம் நாள் அம்மா இரட்டை டூட்டி பார்த்துவிட்டுச் சாயங்கால வண்டியில் வந்தாள். முன் சீட்டில் கம்பியில் நெற்றியைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கணுக்காலில் பினாயில் பட்டு வெளுத்த தோல் உரிந்திருந்தது. அட்டைக்காரர் பேனாவின் மூடியைத் திறந்தார். தணிகைவேல் அண்ணன் என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன், அவர் வேறு வழியில்லாமல் கேட்டார்.

"ஆனந்தவல்லி நகர், ஆள் இருக்கா?"

இருபது பேரும் இருக்கு என்றார்கள். இருபத்தொன்றாவதாக ஒரு குரல் மிச்சம் இருந்தது. அதை நான் ஒருநாளும் ஒரு குரல் என்று எண்ணியதில்லை, அது மற்றதெல்லாம் மாட்டியிருந்த ஹேங்கர் மாதிரி பின்னால் கிடந்தது. காலையில் எழுந்ததும் அம்மாவைக் கூப்பிடுகிற குரல். அதை எடுத்தேன்.

"இருக்கு," என்றேன்.

என் பக்கத்தில் காலியாயிருந்த இடத்திலிருந்து யூனிபார்ம் போட்ட ஒரு பெண் எழுந்தாள். ரெட்டைச் சடை, வலது சடையில் ரிப்பன் அவிழ்ந்திருந்தது, என்னுடையதும் அவிழ்ந்திருந்தது. வண்டி நகரில் நின்றதும் அவள் முன்னால் போய் அம்மாவைத் தொட்டு எழுப்பி, கையிலிருந்த ஒயர் பையை வாங்கிக்கொண்டாள். இருவரும் இறங்கினார்கள். அட்டைக்காரர் கோடு போட்டுக்கொண்டே வந்தார். கடைசியாக நான் இறங்கினேன். முப்பது என்று எழுதி அடியில் கோடிழுத்தார்.

அம்மா என்று கூப்பிட்டேன். வாய் அசைந்தது. வேதாசலம் சார் குரலில் கூப்பிட்டுப் பார்த்தேன், ஊசி அக்கா குரலில் கூப்பிட்டுப் பார்த்தேன். ஹேங்கர் போன பிறகு சட்டைகள் எதில் நிற்கும்? வீட்டு கேட்டைத் தட்டினேன். அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். இரட்டை டூட்டியில் கண் இரண்டும் செருகியிருந்தது, அந்தி மங்கல் வேறு.

"புதுசாம்மா நீ? எந்த ஊடு?"

உள்ளேயிருந்து என் குரல் அவளை எதற்கோ அழைத்தது. "இருக்கு," என்றது.

"வண்டி திரும்பப் போவுது, ஓடு," என்றாள் அம்மா அன்பாக. கேட்டின் கொக்கியைப் போட்டாள்.

பச்சைப் புடவைக்காரி எனக்காக இரண்டாம் விரிவில் கொக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே நாலு மஞ்சள் கல், நடுவில் வானம். அங்கே அவர்கள் எல்லோரும் ரோட்டைப் பார்த்து முதுகு வளையாமல் உட்கார்ந்திருப்பார்கள், வண்டி வரும்வரைக்கும். எப்போதாவது ஒருவர் இருக்கு என்பார், பக்கத்து மனையிலிருந்து இன்னொருவர் இருக்கு என்பார், அது கல் கல்லாகப் போய் மெயின் ரோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும், எல்லாம் என் தொண்டையில் இருந்தவை, ஒன்றையும் என்னால் திருப்பிச் சொல்ல முடியாது. எனக்குப் பசிக்கவில்லை. பாதத்தில் மண் ஒட்டவில்லை. இது நல்ல வேடிக்கைதான் என்று நினைத்துச் சிரித்துப் பார்த்தேன், சத்தம் வரவில்லை என்றாலும் தோள் குலுங்கியது.

பழைய தடம் திரும்பி வந்தது. கார்த்திகையில் ஒரு நடை கூட்டினார்கள், மார்கழியில் இன்னொன்று. நகரில் ஏறுகிற அம்மாவுக்கு இப்போது உட்கார இடம் கிடைத்தது. தை பிறந்த பிறகு ஒரு காலை, இரண்டாம் விரிவில் ஏறிய நான் முண்டிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தள்ளி ஒக்காரும்மா, கால நீட்டிக்கறேன்," என்றாள். அப்புறம், ரயிலில் தெரியாதவர்களிடம் பேசுவது போலப் பேச ஆரம்பித்தாள். "உன்னாண்ட சொன்னா இன்னா, நீங்கல்லாம் யாராண்டயும் சொல்லப் போறதில்ல. எனக்கு ஒரு பொண்ணு, உன் வயசுதான். தங்கமா மாறிட்டா. படிச்சியாடின்னா, இருக்கு. பசிக்குதான்னா, இருக்கு. பாத்திரம் கழுவுறா, துணி மடிக்கிறா, ஒரு வார்த்தை எதிர்த்து வர்றதில்ல. மல்லேஸ்வரி இன்னா கொடுப்பினைங்குறா." அவள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்து, மடியில் போட்டாள். "எல்லாமே இருக்கு. சேட்டைதான் இல்ல. மூணு மாசமா எவளும் என்னைக் கேலி பண்ணல. ஊட்டுல நான் ஒருத்தி மட்டும் இருக்கற மாதிரி இருக்கு."

நான் நேராகப் பார்த்துக்கொண்டு, விரல்களை மட்டும் அனுப்பி, அவள் முந்தானை நுனியை முன் சீட்டுக் கம்பியில் கட்டினேன். மூன்று முடிச்சு. மூன்றாவதை எச்சில் தொட்டு நனைத்து இறுக்கினேன்.

பெரியாஸ்பத்திரி வந்தது. பாதி வண்டி எழுந்தது, அம்மாவும் எழுந்தாள், புடவை இழுத்து மறுபடி உட்கார வைத்தது. அவள் கம்பியைப் பார்த்தாள். முடிச்சைப் பார்த்தாள். நான் மாதா கோயிலில் நற்கருணை அப்பம் வாங்க நிற்கிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

"தெரேசக்கா, ஆஸ்பத்திரி," என்றார் தணிகைவேல் அண்ணன் படியிலிருந்து. "அஞ்சு அம்பத்தேழு ஆவுது. ஏற்கெனவே ரெண்டு லேட்டுன்னீங்களே. சீக்கிரம் எறங்குங்க."

அம்மா முடிச்சை அவிழ்க்கவில்லை. என் தாடையைப் பிடித்து, ஆஸ்பத்திரி வாசல் விளக்கு விழுகிற பக்கமாக என் முகத்தைத் திருப்பினாள். உதட்டின் ஓரம் என்னை மீறித் துடித்தது. அவள் பிடி தளரவில்லை.

"ரைட் குடுப்பா தணிகை," என்றாள்.